பெரியம்மாவும் மூன்று படிகளும்

சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் என் பெரியம்மாவின் வீடு இருக்கிறது. பழைய காலத்து வீடு. திண்ணையிலிருந்து தெருவுக்கு இறங்க மூன்று படிகள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும் அந்தப் படிகளை இறங்கித் தெருவில் நின்று கும்பிட்டவர் பெரியம்மா. போன மார்கழியில் இறங்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே நின்றுவிட்டார். "சாமி என்னைப் பார்த்துட்டுப் போயிட்டார். நான்தான் அவரைச் சரியாப் பார்க்கலை" என்று அன்றிரவு டெலிபோனில் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் கீழே விழவில்லை. எலும்பு எதுவும் முறியவில்லை. ஐப்பசியில் ஒரு ஜுரம் வந்தது. பன்னிரண்டு நாள் படுக்கை. ஜுரம் போயிற்று, போகிறபோது கால்களிலிருந்த பலத்தையும் கையோடு கொண்டு போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடிக்க வேண்டும். "எழுபத்திரண்டு வயசாகலையா? அப்படித்தான் இருக்கும்" என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலிருக்கும் பெரிய அண்ணன் மாத்திரம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. டப்பா டப்பாவாகப் புரதப் பொடி அனுப்பி வைத்தார்.

ஒரு காலத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆறு சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது அந்த இடத்தில் புரதப் பொடி வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டப்பா இருக்கலாம். அதைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதா, வேண்டாமா? கொடுத்தால் கால் பலம் திரும்புமா? வாசகியர் பலர் இப்படிக் கேட்டு எழுதியிருந்தார்கள். பெரியம்மாவின் மூன்று படிகளும் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கவே, நானே விசாரிக்கிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

முதலில் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள். வயதானால் தசை கரைவது புதிதல்ல. அதற்கென்று ஒரு பெயர் ஏற்பட்டதுதான் புதிது. 1989ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிரேக்க பாஷையிலிருந்து ஒரு பெயரை உண்டாக்கினார்: 'சார்கோபீனியா'. சதைக் குறைவு என்று பொருள். முப்பது வயதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டு பங்கு வரை தசை குறைந்துகொண்டே போகிறது என்றும், அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் கரைகிறது என்றும் கணக்கிடுகிறார்கள். எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டிக் கொடுக்காது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து குடியேறிவிடும்; எடை மட்டும் அப்படியே நிற்கும். "அம்மா இளைக்கவே இல்லையே!" என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு 2007ல் வெளியான ஒரு பரிசோதனையைக் கேளுங்கள். அமெரிக்காவில், சராசரி அறுபத்தேழு வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். நோயில்லை, பட்டினியில்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. பத்தாம் நாள் பார்த்தால், கால்களில் மாத்திரம் ஏறக்குறைய ஒரு கிலோ தசையைக் காணோம்! பெரியம்மா படுத்திருந்தது பன்னிரண்டு நாள். அதுவும் ஜுரத்தோடு, அரை வயிற்றுக் கஞ்சியோடு. "நல்லா ஓய்வு எடுங்க, எழுந்திருக்கவே வேண்டாம்" என்று வீட்டார் எல்லாரும் அன்போடு உபசரித்தோம். நானும் சொன்னேன்.

மாசி மாதம் ஒரு விடியற்காலையில் கடலூரில் இறங்கினேன். நேரே சிதம்பரம் போகாமல் பழைய நகரத்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அங்கே கூடை சுமக்கும் பாட்டிமார்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. படகுகள் வந்து நின்றிருந்தன. ஏலக் கூச்சல், பனிக்கட்டித் தண்ணீர், காகங்கள், பூனைகள். மத்தியும் நெத்திலியும் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு கிழவி குந்தி உட்கார்ந்து மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். எழுபது வயது இருக்கும். கூறு கட்டி முடிந்ததும் கையைத் தரையில் ஊன்றாமல் விசுக்கென்று எழுந்தாள், கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள், நடந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"தினமும் மீன் சாப்பிடுவீங்களா பாட்டி?" என்று கேட்டேன்.

"விக்கிற மீனைத் தின்னா வெலைக்கு இன்னாம்மா பண்றது? புள்ளைங்க தின்னது போக தலையும் வாலும் கொழம்பும் இருக்கும். அது போதும்" என்றாள்.

இந்தப் பதில் எனக்குச் சப்பென்று இருந்தது. மீன் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பலம் வந்தது என்று எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நூறு கிராம் மத்தி மீனில் பதினெட்டு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. உயர்ந்த ரகப் புரதம். ஆனால் அந்தப் பாட்டியின் காலை நிறுத்தி வைத்திருப்பது மீன் மாத்திரமல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குந்துகிறாள், எத்தனை தடவை எழுகிறாள், எத்தனை கிலோவைச் சுமக்கிறாள்! தசைக்குப் புரதம் செங்கல் என்றால், உழைப்புதான் கொத்தனார். செங்கல் லாரி வாசலில் வந்து நின்றால் மட்டும் வீடு எழும்பிவிடுமா?

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1994ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மரியா ஃபியட்டரோன் என்ற பெண் டாக்டரும் அவருடைய குழுவினரும் செய்து காட்டியது இது. முதியோர் இல்லம் ஒன்றில் நூறு பேர். சராசரி வயது எண்பத்தேழு! அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி, இன்னொன்றுக்கு சோயாப் புரதம் கலந்த சத்து பானம், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் நடந்தது. பயிற்சி செய்தவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. நடையில் வேகம் கூடிற்று. மாடிப்படி ஏறும் சக்தி கூடிற்று. பானத்தை மாத்திரம் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பலவீனமோ, அப்படியே இருந்தது.

அது கொஞ்சம் மாவுச் சத்து மிகுந்த பானம், சுத்தமான புரதம் அல்லவே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயந்தான். 2018ல் வெளியான மற்றொரு பரிசோதனையில் நடமாட்டம் குறைந்த வயதான ஆண்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டைக் கணக்காக அளந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். இன்னொரு பிரிவுக்கு 1.3 கிராம். கூடுதல் புரதம் தின்றவர்களுக்குத் தசை கூடவில்லை, நடையும் மேம்படவில்லை. பயிற்சி இல்லாமல் புரதத்தை மட்டும் ஏற்றுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை என்றே தோன்றுகிறது.

அப்படியானால் புரதமே வேண்டாமா? அங்கேதான் நம் தமிழ்நாட்டுச் சமையலறைக் கணக்கு குறுக்கே வருகிறது.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளாற்றைத் தாண்டியதும் காட்சி மாறிற்று. சம்பா அறுத்த தாளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று உளுந்து. உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்னாலேயே ஈர மண்ணில் விதையைத் தெளித்துவிடுவார்கள். இருக்கிற ஈரத்திலேயே அது முளைத்துக் காய்த்துவிடும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கங்களில் இது பழைய வழக்கம். உளுத்தம்பருப்பில் நூற்றுக்கு இருபத்து மூன்று பங்கு புரதம். மாவட்டத்தின் மேற்கே போனால் விருத்தாசலம். அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நிலக்கடலை ரகங்களுக்கு ஊரின் பெயராலேயே 'வி.ஆர்.ஐ.' என்று பெயர். பண்ருட்டிப் பக்கம் முந்திரி. இத்தனையும் சுற்றி விளைகிற ஊரில் என் பெரியம்மா என்ன சாப்பிடுகிறார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் குறித்துக்கொண்டேன். பெரியம்மா வீடு சைவம்.

காலையில் இரண்டு இட்லி. பகலில் ஒரு கிண்ணம் சாதம். அதில் ரசம், பிறகு தண்ணீராகக் கரைத்த மோர், ஊறுகாய். சாம்பார் உண்டு, ஆனால் அதிலுள்ள பருப்பு பேரன் பேத்திகளின் தட்டுகளுக்குப் போய், தெளிவு மட்டும் பெரியம்மாவுக்கு வந்தது. இரவு மறுபடியும் இரண்டு இட்லி. இடையில் இரண்டு காப்பி. நான் உத்தேசமாகக் கணக்குப் போட்டேன்: நாள் முழுவதும் சேர்ந்து இருபது, இருபத்திரண்டு கிராம் புரதம் தேறினால் அதிகம்.

எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் வருஷத்துச் சிபாரிசு, கிலோவுக்கு 0.83 கிராம். பெரியம்மாவின் எடை ஐம்பது கிலோ. ஆக நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு கிராம். முதியவர்களுக்கு இது போதாது, கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஐம்பது முதல் அறுபது கிராம். முதுமையில் காது மந்தமாகிற மாதிரி தசையும் மந்தமாகிவிடுகிறதாம். சின்ன வயதில் கொஞ்சம் புரதம் வந்தாலே 'வேலையைத் தொடங்கு' என்று கேட்டுக்கொள்ளும் தசைக்கு, வயதான பிறகு கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிபுணர்களின் தகராறு எப்படி முடிந்தாலும் சரி; பெரியம்மா எந்தக் கட்சியின் கணக்கிலும் பாதிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

இந்த ஊட்டச்சத்து நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிறந்தது நம் குன்னூரில். 1918ல் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் அங்கே தொடங்கிய சிறு ஆராய்ச்சிக்கூடம்தான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்குக் குடிபோயிற்று. மக்காரிசன் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாடுகளைச் சமைத்து எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் வந்தன. கடைசி இடம் யாருக்கு என்கிறீர்கள்? மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகளுக்கு! வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்நாளில் 'வீர ஜாதி' என்றெல்லாம் ஒரு பைத்தியம் இருந்தது. அதை நாம் தள்ளிவிடலாம். ஆனால் தட்டிலிருந்த வித்தியாசம் உண்மை. நம் தட்டில் சோறு மலையாகவும், பாலும் பருப்பும் மடுவாகவும் இருந்தன. நூறு வருஷம் ஆகப்போகிறது. பெரியம்மாவின் தட்டு அப்படியேதான் இருக்கிறது.

மருமகள்மார்களை நான் குற்றம் சொல்லவில்லை. சின்ன அண்ணி தங்கமானவள். "அத்தை, இன்னும் கொஞ்சம் பருப்பு" என்று அவள் கரண்டியை நீட்டியதை நானே பார்த்தேன். "குழந்தைகளுக்கு வை, எனக்கு இனிமே வளரவா போகுது?" என்று பெரியம்மாதான் கையால் தட்டை மறைத்துக்கொண்டார். கடலூர்ப் பாட்டியின் தலையும் வாலும் எனக்கு ஞாபகம் வந்தன. சைவமோ அசைவமோ, வீட்டுக்கு மூத்த பெண்பிள்ளையின் பங்கு எல்லா வீட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

இனி அலமாரியைத் திறப்போம். நான்கு டப்பாக்கள். இரண்டு உடைக்கப்படவே இல்லை. "ஒரே இனிப்பு, வாயில் மண்ணு மாதிரி ஒட்டுது" என்பது பெரியம்மாவின் அபிப்பிராயம். இந்தப் பொடிகளில் முக்கியமான ரகம் 'வே' என்பது. வேறொன்றுமில்லை; மேல்நாட்டில் பாலாடைக்கட்டி செய்யும்போது திரிந்து பிரிகிற தண்ணீர். ஒரு காலத்தில் அதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், ஆற்றில் கொட்டினார்கள். பிறகு அதை மெல்லிய சவ்வுகளில் வடிகட்டிக் காயவைத்துப் பொடியாக்கும் வித்தை வந்தது. நல்ல புரதந்தான், சீக்கிரம் ஜீரணமாகும். ஆனால் 2024ல் கேரளத்து டாக்டர்கள் உள்ளிட்ட ஒரு குழு இந்தியாவில் விற்கும் 36 பொடிகளை வாங்கிப் பரிசோதித்தபோது, சுமார் நூற்றுக்கு எழுபதில் உள்ளே இருந்த புரதமும் மேலே அச்சிட்ட புரதமும் ஒத்துவரவில்லை. நூற்றுக்குப் பதினான்கில் பூஞ்சை விஷம் இருந்தது. பூத்துப்போன கடலையில் உண்டாகுமே, அதே ஜாதி விஷம். அதே 2024ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், தசை வளர்ப்பதற்கென்று புரதப் பொடிகளை வாங்கித் தின்பதைத் தவிர்க்கும்படி எழுதியது.

அதற்காக டப்பாவை ஜன்னல் வழியே எறிந்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாய்க்கு மேல் இறங்காதவர்கள், பல் போய் மெல்ல முடியாதவர்கள், நீண்ட நோயில் உருகிப்போனவர்கள், இவர்களுக்கு டாக்டரே பொடியை எழுதிக் கொடுப்பார். அது உபயோகமான மருந்துக்குச் சமானம். ஆனால் சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு, முக்கியமாக நீண்ட நாள் சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, டாக்டரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கூட்டக் கூடாது. பொடிக்கு மட்டுமல்ல, பருப்புக்கும் இதே எச்சரிக்கை. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டுப் பிறகு சமையலை மாற்றுங்கள். நாங்களும் பார்த்தோம். பெரியம்மாவுக்குச் சரியாக இருந்தது.

மாற்றிய சமையலைச் சொல்கிறேன். காலையில் இட்லிக்குப் பதில் மெத்தென்று இரண்டு அடை. பகலில் சாதத்தைக் கொஞ்சம் குறைத்து, முதலில் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு. கடைசியில் நீர் மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் உளுந்தங்களி, சின்ன அண்ணி அதில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுகிற வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். கையளவு வறுத்த நிலக்கடலை. பெரியம்மாவுக்குப் பல் சரியில்லாததால் பொடித்துக் கொடுத்தோம். இரவு வழக்கமான இட்லி. படுக்கும்போது ஒரு டம்ளர் பால். உத்தேசக் கணக்கில் ஐம்பது கிராமைத் தாண்டுகிறது. அரிசிப் புரதத்தில் குறைகிற சத்தைப் பருப்பு நிரப்பும்; பருப்பில் குறைவதை அரிசி நிரப்பும். அடையைக் கண்டுபிடித்த பாட்டிக்கு இந்த ரசாயனம் தெரிந்திருக்காது, கை தெரிந்திருந்தது. முட்டை, மீன் சாப்பிடுகிற வீடுகளில் காரியம் இன்னும் சுலபம். ஒரு முட்டை ஆறு கிராம். கருவாட்டில் புரதம் ஏராளம், உப்பும் ஏராளம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, கொத்தனார் எங்கே?

ஒரு நாற்காலி. அவ்வளவுதான். சுவரோடு ஒட்டிப் போட்ட, கனமான, சக்கரமில்லாத நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். பன்னிரண்டு விநாடியும் அதற்கு மேலும் ஆனால் தசையின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது என்று ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019ல் அளவு வகுத்தார்கள். இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். எத்தனை விநாடி என்று மட்டும் கேட்காதீர்கள்! ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகுகிற கைப்பிடியும் லேசுப்பட்டதல்ல. இந்தியா உட்படப் பதினேழு நாடுகளில் எடுத்து 2015ல் வெளியிட்ட கணக்கில், ரத்தக் கொதிப்பைவிடக் கைப்பிடியின் பலமே ஆயுளைப் பற்றி அதிகம் சொல்லிற்று.

பெரியம்மாவுக்கு நாற்காலியைப் பழக்கிக் கொடுத்தவர் ஓர் இளம் பிஸியோதெரபிப் பெண். 2021 ஆகஸ்டில் அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் பிஸியோதெரபியும் சேர்ந்தது என்பதை எத்தனை வீடுகள் அறியுமோ தெரியாது. முதல் நாள் பெரியம்மாவால் கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. இரண்டு தலையணை போட்டு உயர்த்திய பிறகு எழுந்தார். ஒரு வாரம் கழித்து ஒரு தலையணை. பிறகு தலையணை இல்லை. அதன் பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது. பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

சாயங்காலம் கோவிலுக்கு நான் மட்டும் போனேன். கோபுர வாசல்களில் நூற்றெட்டுக் கரணங்களையும் ஆடிக்கொண்டு நிற்கிறார்களே அந்தக் கல் நர்த்தகிகள், அவர்களுடைய தொடையையும் முழங்கால் மடிப்பையும் அன்று வேறு கண்ணோடு பார்த்தேன். எத்தனை நூற்றாண்டு ஆயிற்று, ஒரு கிராம் கரையவில்லை! கல்லாய்ப் பிறந்தால் கவலையில்லை.

திரும்பி வந்தபோது பெரியம்மா திண்ணையில் இருந்தார். சின்ன அண்ணி ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா தூணை விட்டுவிட்டு அவள் தோளைத் தொட்டுக்கொண்டு ஒரு படி இறங்கினார். நின்றார். இன்னொன்று. மூன்றாவது படியைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி ஏறி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆனித் தேருக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

நான் நோட்டுப் புத்தகத்தின் மூலையில் மாசி, பங்குனி, சித்திரை என்று எண்ணத் தொடங்கினேன்.

"எழுதினது போதும். அந்த முறத்தை இழுத்துப் போட்டுக் கடலையை உரி" என்றார் பெரியம்மா.